பனி உழுத நிலத்தில் மானுக்கு விதைப்பு

மழையை நம்பிப் புழுதி விதைப்புச் செய்து பழகியவர்கள் எமது வாசகர்கள். ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனியை நம்பி விதைப்போரும் உளர். அவர்கள் விதைப்பது மனிதருக்கன்று, மானுக்கு.

விஸ்கொன்சின், மிச்சிக்கன் போன்ற இடங்களில் மார்ச் மாதம் வெண்வால் மான்களுக்குப் பஞ்ச காலமாகும். குளிர்காலம் முழுவதும் மரக்கொப்புகளின் நுனியைக் கடித்தே உயிர் பிழைத்தவை அவை. உடம்பிலிருந்த கொழுப்பு கரைந்து போயிருக்கும். பெண் மான்கள் வயிற்றில் குட்டியுடன் நிற்கும். அவ்வேளையில் முந்திக்கொண்டு பச்சை காட்டும் பூண்டு வெள்ளைக் குளோவர். இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இளம் இலையில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் இவ்வாண்டு மார்ச்சில் தூவிய விதை இவ்வாண்டு மார்ச் பசியைத் தீர்க்காது. கோடையில்தான் மேய்ச்சலுக்கு வரும். அடுத்த வசந்தத்தில்தான் முழுப்பயன்.

விதைக்கும் முறைதான் எம்மைக் கவர்ந்தது. கலப்பையே வேண்டாம். பெப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் இரவில் மண் உறையும், பகலில் இளகும். இப்படி உறைந்து உறைந்து இளகும்போது மண் பொருமி, தேன்கூடு போல வெடிக்கிறது. அந்த வெடிப்புகளில் விதை விழ, அடுத்த உறைவும் மழையும் மூடிவிடுகின்றன. குளோவர் விதை மிகச் சிறியது. ஓர் இறாத்தலில் ஏழு இலட்சத்துக்கு மேல் இருக்கும். கால் அங்குலத்துக்குக் கீழே போனால் முளைத்து வருவது கடினம். ஆகவே உழுது மூடுவதைவிட இதுவே அதற்கு ஏற்றது. ஏக்கருக்கு ஐந்தாறு இறாத்தல் போதும். சிலர் மணலுடன் கலந்து கையாலேயே வீசுகிறார்கள்.

தவறுவதும் உண்டு. புல் அடர்ந்த தரையில் வீசிய விதை மண்ணைத் தொடாமலே வீணாகும். முந்திய இலையுதிர் காலத்திலேயே புல்லை ஒடுக்கி மண்ணை வெளிக்காட்ட வேண்டும். சரிவான நிலத்தில் தடித்த பனியின் மேல் வீசினால், உருகும் நீர் விதையை அடித்துச் சென்றுவிடும். புளித்த மண்ணுக்குச் சில மாதம் முன்னரே சுண்ணாம்பு இட வேண்டும். நைதரசன் பசளையோ வேண்டாம். அது களைக்கே உதவும். உழுந்து, கச்சான் வேரைப் பிடுங்கிப் பார்த்தவர்கள் அந்த முடிச்சுகளை அறிவர். குளோவரும் அவ்வாறே தன் நைதரசனைத் தானே தேடிக்கொள்கிறது. அதற்குரிய பற்றீரியாவை விதையுடன் கலந்துவிட்டால் சரி.

இதெல்லாம் வெறும் கருணை என்று எண்ணிவிட வேண்டாம். விதைப்போரில் பெரும்பாலோர் வேட்டைக்காரர். அயலவரின் சோளத்தை இது காக்கும் என்பதும் நிச்சயமில்லை. மான் கூடினால் அங்கும் போகும். விஸ்கொன்சினில் 2002ஆம் ஆண்டு மான்களை மெலிவித்துக் கொல்லும் மூளை நோயொன்று கண்டறியப்பட்டது. ஒரே இடத்தில் தீனியைக் குவித்தால் எச்சிலாலும் சாணத்தாலும் அந்நோய் பரவும் என அஞ்சி, பல மாநிலங்கள் அதைக் கட்டுப்படுத்தியுள்ளன. பரந்து வளரும் பயிரில் அந்த நெருக்கம் குறைவு. அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை.

அனுபவசாலிகள் பயிரின் நடுவே சிறு கம்பிக்கூடு ஒன்றை நட்டு வைப்பார்கள். வெளியே பயிர் தரையோடு கிடக்கும். கூட்டுக்குள் உயர்ந்து நிற்கும். மான் எவ்வளவு தின்றது என்பதை அதைப் பார்த்தே அறிகிறார்கள்.