ஃபேன் சத்தம் போடுது, டீச்சர்

எட்டாம் வகுப்பில் ‘விசையும் அழுத்தமும்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, “ஃபேன் சத்தம் போடுது, டீச்சர்” என்றாள். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் நான், “அது அப்படித்தான் சத்தம் போடும். நீ போர்டைப் பாரு” என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்துக் காலையில் வகுப்பறையைத் திறந்தபோது அந்த மின்விசிறி இரண்டாம் வரிசைப் பெஞ்சின் மேல் விழுந்து கிடந்தது. கொக்கியில் மாட்டும் போல்ட் தேய்ந்து கழன்றிருந்தது. இரவில் விழுந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று பாடம் நடத்த மனம் வரவில்லை. பிள்ளைகளும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு மாணவன் கேட்டான்: “ஒரு ஃபேனுக்கே இப்படின்னா, பிளேன்ல ஒரு போல்ட் கழண்டா என்ன டீச்சர் ஆகும்?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் படித்தவற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். விமானத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் தொடங்கினேன். படிக்கப் படிக்க என் வகுப்பறையைப் பற்றியும் யோசிக்க வேண்டியதாயிற்று.

நான்கு போல்ட்டுகள்

அவன் கேட்டது உண்மையிலேயே நடந்திருக்கிறது. 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரிலிருந்து அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானம் 177 பேருடன் புறப்பட்டது. சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் அதன் பக்கவாட்டில் கதவு அளவுள்ள ஒரு பகுதி அப்படியே பெயர்ந்து வெளியே போய்விட்டது. அவசரவழி தேவைப்படாத இடத்தை அடைக்கப் பொருத்தப்பட்டிருந்த பலகை அது. அதற்கு நேர் பக்கத்து இருக்கையில் அன்று யாரும் இல்லை. விமானிகள் பத்திரமாகத் தரையிறக்கினார்கள். உயிரிழப்பு இல்லை.

விசாரணையில் தெரியவந்தது இதுதான். தொழிற்சாலையில் ஒரு பழுதைச் சரிசெய்ய அந்தப் பலகையைத் திறந்திருக்கிறார்கள். அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளைத் திரும்ப மாட்டவில்லை. பலகையைத் திறந்ததாகப் பதிவேட்டிலும் எழுதவில்லை. எழுதாததால், திரும்ப மாட்டப்பட்டதா என்று சரிபார்க்க வேண்டும் என்பது அடுத்து வந்தவர்களுக்குத் தெரியவில்லை. மறுநாளே அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அதே அமைப்புள்ள 171 விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்திச் சோதிக்க உத்தரவிட்டது. சோதனையில் வேறு சில விமானங்களிலும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தது தெரிந்தது.

கதவைத் தள்ளுவது எது?

இந்த இடத்தில் பாடத்தையும் நடத்திவிடலாம். 10 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே உள்ள காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். மனிதர் மூச்சுவிட வேண்டுமே, அதனால் விமானத்துக்குள் முக்கால் பங்கு அளவுக்கு அழுத்தத்தை வைத்திருக்கிறார்கள். இந்த வேறுபாடு உடற்பகுதியின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 5 டன் எடைக்குச் சமமான விசையுடன் வெளிநோக்கித் தள்ளுகிறது. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் பயணிகள் ஏறும் கதவு, உள்ளிருந்து வாசலில் அடைப்பான்போல் பொருந்தும். அழுத்தம் கூடக்கூட அது இன்னும் இறுகும். பயணத்தின் நடுவே யாரும் அதைத் திறக்க முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

1970களில் பறந்த டிசி-10 விமானத்தின் சரக்குக் கதவு அப்படிப்பட்டதல்ல. சரக்குக்கு இடம் மிச்சமாகட்டும் என்று அதை வெளிப்பக்கம் திறக்கும்படி அமைத்தார்கள். அத்தனை விசையையும் தாழ்ப்பாள்கள்தாம் தாங்க வேண்டும். தாழ்ப்பாள் முழுதாக விழாமலேயே கைப்பிடியை அழுத்தி மூடிவிட முடியும் என்பதுதான் அதன் குறை.

சுற்றறிக்கையும் ஆணையும்

1972 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் டெட்ராய்டில் ஒரு டிசி-10இன் பின்பக்கச் சரக்குக் கதவை மூடிய பணியாளருக்குக் கைப்பிடி எளிதில் இறங்கவில்லை. முழங்காலால் அழுத்தி மூடினார். விமானம் கனடாவின் வின்ட்சர் நகருக்கு அருகே பறந்தபோது கதவு பிய்த்துக்கொண்டது. சரக்கு அறையின் காற்று ஒரே நொடியில் வெளியேற, மேலே பயணிகள் பகுதியில் இருந்த காற்று தரையைக் கீழே அழுத்தித் தகர்த்தது. அந்தத் தரையை ஒட்டித்தான் விமானத்தைத் திருப்பும் கம்பிவடங்கள் ஓடின. அவற்றில் பல செயலிழந்தன. விமானி பிரைஸ் மெக்கார்மிக், இப்படி ஒரு நிலை வரலாம் என்று முன்பே எண்ணி, இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைச் செலுத்தச் சிமுலேட்டரில் பழகி வைத்திருந்தார். அன்று அதுவே கைகொடுத்தது. 67 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

விபத்து விசாரணை வாரியம் கதவின் பூட்டை மாற்றவும், தரையில் காற்றுத் துளைகள் வைக்கவும் பரிந்துரைத்தது. ஆனால் ஆணையத்தின் தலைவரும் தயாரிப்பு நிறுவனமான மெக்டானல் டக்ளஸின் உயர் அதிகாரியும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். கட்டாய ஆணை வெளியிடுவதில்லை, நிறுவனமே விமான சேவைகளுக்கு அறிவுரைச் சுற்றறிக்கை அனுப்பிவிடும் என்று முடிவாயிற்று. சுற்றறிக்கைக்கும் ஆணைக்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை!

அதே மாதம், அந்த விமானத்தின் உடற்பகுதியைச் செய்துகொடுத்த துணை ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர் டான் ஆப்பிள்கேட், இந்தக் கதவுகள் வருங்காலத்தில் மீண்டும் திறக்கும், அப்படித் திறந்தால் விமானத்தையே இழக்க நேரிடும் என்று தம் மேலதிகாரிகளுக்குக் குறிப்பு எழுதினார். மாற்றத்துக்கான செலவு தங்கள் தலையில் விழும் என்ற அச்சத்தில் அது தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பப்படவே இல்லை.

1974 மார்ச் 3 அன்று பாரிஸிலிருந்து புறப்பட்ட துருக்கி ஏர்லைன்ஸின் டிசி-10இல் அதே பின்பக்கக் கதவு பெயர்ந்தது. இந்த முறை விமானம் பயணிகளால் நிறைந்திருந்தது. எர்மனோன்வில் காட்டில் விழுந்து, அதில் இருந்த 346 பேரும் இறந்தனர்.

இரண்டு செய்திகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த விமானத்தின் கதவில் செய்ய வேண்டிய திருத்தங்கள் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தயாரிப்பு நிறுவனத்தின் பதிவேடு சொன்னது. கதவில் அவை முழுமையாகச் செய்யப்படவில்லை. அடுத்தது, பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்கக் கதவில் ஒரு சிறு பார்வைத் துளையும், பக்கத்தில் எச்சரிக்கைக் குறிப்பும் இருந்தன. குறிப்பு துருக்கி மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருந்தது. பாரிஸில் கதவை மூடிய பணியாளருக்கு அந்த இரண்டு மொழிகளும் படிக்கத் தெரியாது. துளை வழியாக அன்று யாரும் பார்க்கவில்லை. விபத்துக்குப் பிறகுதான் திருத்தங்கள் கட்டாயமாயின.

எழுதாமல் விட்ட வரி

ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவின் லயன் ஏர் நிறுவனத்தின் புத்தம்புதிய 737 மேக்ஸ் 8 ஜாவா கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். அந்த விமானத்தில் முகப்பைத் தானாகக் கீழே இறக்கும் ஒரு மென்பொருள் இருந்தது. அது ஒரே ஒரு உணரியின் அளவீட்டை நம்பி இயங்கியது. உணரி தவறாகக் காட்டியபோது மென்பொருள் மீண்டும் மீண்டும் முகப்பைக் கீழே தள்ளியது. இப்படி ஒரு மென்பொருள் இருப்பதே விமானிகளின் கையேட்டில் விளக்கப்படவில்லை. முந்தைய நாள் இதே விமானத்தை ஓட்டியவர்களும் இதே சிக்கலைச் சந்தித்துச் சமாளித்திருந்தார்கள். ஆனால் பராமரிப்புக் குறிப்பேட்டில் நடந்ததை முழுதாக எழுதவில்லை.

விபத்துக்குப் பின் விமானிகளுக்கு அறிவுறுத்தல் போனது. விமானங்கள் தொடர்ந்து பறந்தன. 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் அதே வகை விமானம் விழுந்து 157 பேர் இறந்தனர். இரண்டையும் கூட்டினால் மறுபடியும் 346. அதன் பிறகு இந்தியா உட்பட உலக நாடுகள் அந்த வகை விமானத்தை நிறுத்தின. இரண்டு உணரிகளின் அளவீட்டையும் ஒப்பிடும்படி மென்பொருளை மாற்றி, விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சியைக் கட்டாயமாக்கிய பிறகு, 2020 நவம்பரில் அமெரிக்கா மீண்டும் அனுமதித்தது.

தண்டிக்காத காது

இவற்றையெல்லாம் படித்தும் விமானப் பயணம் ஆபத்தானது என்ற முடிவுக்கு நான் வரவில்லை. இன்று அது மிகப் பாதுகாப்பான பயண முறைகளில் ஒன்று. ஒவ்வொரு விபத்திலிருந்தும் கற்றதால்தான் அப்படி ஆனது. விபத்து நடக்கும்வரை காத்திராமல் கற்க ஒரு வழியையும் அவர்கள் கண்டார்கள்.

1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டிடபிள்யூஏ விமானம் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தனர். எந்த உயரம் வரை இறங்கலாம் என்பதில் ஏற்பட்ட குழப்பமே காரணம். அதற்கு ஆறு வாரம் முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தில், மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

இதன் விளைவாக 1976இல் ஒரு அறிக்கை முறை தொடங்கியது. விமானிகளும் மற்றப் பணியாளர்களும் தங்கள் தவறுகளையும் தாங்கள் கண்ட குறைகளையும் எழுதி அனுப்பலாம். அனுப்பியவரின் அடையாளம் நீக்கப்பட்டு, பாடம் மட்டும் எல்லோருக்கும் பகிரப்படும். தெரியாமல் விதி மீறியவர் பத்து நாளுக்குள் எழுதி அனுப்பியிருந்தால் பொதுவாகத் தண்டனை இல்லை. குற்றச்செயலுக்கும் விபத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. இந்த அறிக்கைகளை வாங்குவது தண்டிக்கும் அதிகாரம் உள்ள ஆணையம் அல்ல, நாசா. பிரம்பு வைத்திருப்பவரிடம் யாரும் மனம் திறந்து பேசமாட்டார்கள் என்று புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு இது. இலட்சக்கணக்கான அறிக்கைகள் இதுவரை வந்திருக்கின்றன.

எங்கள் வகுப்புப் பெட்டி

படித்ததை வகுப்பில் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவனுக்குப் பதில் கிடைத்தது. எனக்குத்தான் வேறு வேலை இருந்தது. விசிறியைப் பற்றிச் சொன்ன மாணவியை வகுப்பின் முன் அழைத்து, “நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் காது கொடுக்கல” என்றேன். அவள் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “எங்களுக்கும் தெரியும் டீச்சர். அவளைத் திட்டினீங்கல்ல, அதான் நாங்க சொல்லல.”

அட்டைப் பெட்டி ஒன்றில் துளை போட்டு வகுப்பில் வைத்தோம். பெயர் எழுத வேண்டாம். பழுதான பொருள், பயம் தரும் இடம், புரியாத பாடம் எதுவானாலும் எழுதலாம். பெட்டியைத் திறப்பது நானல்ல, உடற்கல்வி ஆசிரியர். கையெழுத்தை வைத்து நான் ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பிள்ளைகளே கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது. அவர் வேறு தாளில் எழுதித் தருவார். பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தோன்றும் சீட்டு வந்தால் மட்டும் உடனே தலைமை ஆசிரியரிடம் போய்விடும்.

முதல் மாதம் வந்தவற்றில் கழிப்பறைத் தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டி மூடி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெஞ்ச் ஆணி ஆகியவை இருந்தன. ஒரு சீட்டு மட்டும் வேறு மாதிரி: “எனக்கு வகுத்தல் நாலாம் வகுப்புல இருந்தே தெரியாது. கேட்டா சிரிப்பாங்க.” அடர்த்தி, அழுத்தம் என்று நான் கரும்பலகை நிறையக் கணக்கு போட்ட நாள்களில் அந்தப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்திருக்கும்? யாரென்று தேடவில்லை. மறுவாரம் முதல் எல்லோருக்கும் பத்து நிமிடம் வகுத்தலிலிருந்தே தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமைதோறும் கரும்பலகையின் ஓரத்தில் வந்த குறைகளையும், சரிசெய்த தேதியையும் எழுதுகிறோம். செய்து முடித்ததை நேரில் பார்த்த பிறகே ஒரு மாணவர் ‘முடிந்தது’ என்று எழுத வேண்டும். தொட்டி மூடிக்கு எதிரே மூன்று வாரமாக ‘இன்னும் இல்லை’ என்றே இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமையும் கேட்பார்கள். அதற்குள் வாங்கிப் போட்டுவிட வேண்டும்.