உள்பக்கத்து பேடைப் பார்த்தீர்களா?

பெஸ்தாரி ஜெயாவில் மணல் ஏற்றிக் கிளம்பும் லாரியும், செம்பனைக் குலைகளோடு ஆலைக்குப் போகும் லாரியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை நிலையத்துக்குப் போயாக வேண்டும். அங்கே சக்கரத்தை உருளைகள்மேல் ஏற்றி, பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று அளப்பார்கள். 1994ஆம் ஆண்டு முதல் புஸ்பாகோம் நிறுவனம் செய்துவரும் வேலை இது. அந்த லாரிக்குப் பின்னால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் மைவி காருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சொந்தக் காரை வேறொருவர் பேருக்கு மாற்றும்போதுதான் பெரும்பாலும் சோதனை. அதுவரை பத்து வருடம் ஓடினாலும் அதன் பிரேக்கைக் காட்டு என்று கேட்க ஆளில்லை. காப்புறுதியும் சாலை வரியும் கட்டியிருந்தால் வண்டி ரோட்டில் ஓடலாம்.

ஆகவே கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் பக்கம் ஓடும் ஆயிரக்கணக்கான சிறிய கார்களின் பிரேக்கைக் கவனிக்கும் பொறுப்பு அந்தந்த வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது. நம் தோட்டப்புறத்து மக்கள் இந்தப் பொறுப்பைப் பட்டறையிடம் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. முன்சக்கரத்து பிரேக் பேடை வீட்டு வாசலிலேயே மாற்றலாம். மாற்ற மனமில்லாதவர்கூட கழற்றிப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பேனர் பிடிப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்னும் வாய்தவறிச் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல் ஹென்றி ஃபோக்கோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வெட்டுக்கும் அறுப்புக்கும் போனவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரின் வயிற்றுக்கடியில் படுத்துக் கிடந்தவர்களைப் பற்றியும், ஆலையில் ஃபிட்டராக, வெல்டராக இருந்தவர்களைப் பற்றியும் எழுதியது குறைவு. கை வேலையைப் பள்ளிக்கூடம் போகாமல் கற்றவர்கள் அவர்கள். 1994 ஆகஸ்டில் ரவாங் தொழிற்சாலையிலிருந்து 660 சிசி கஞ்சில் வெளிவந்தபோது, லயத்து வாசலில் அதைப் பிரித்துப் பார்க்கவும் பூட்டவும் ஆள் தயாராக இருந்தது. மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்த பல குடும்பங்கள் முதன்முதலாகத் தொட்ட புதுக் கார் அது. 2009இல் தயாரிப்பு நின்றும் இன்றுவரை மண்சடக்குகளில் அதை முந்திப் போகாமல் ஊர் திரும்ப முடியாது.

அந்த மண்சடக்கில்தான் விஷயமே இருக்கிறது.

பிரேக் தேய்வது மலைப்பாதையில்தான், நம் ஊர் சமவெளிதானே என்று பலர் நினைக்கிறார்கள். கோலசிலாங்கூரில் மலாவாத்தி குன்றை விட்டால் ஏற்றம் என்று சொல்ல அதிகமில்லை என்பது உண்மை. ஆனால் ஜெராம் தொடங்கி தஞ்சோங் காராங் வரை கடலோரக் களிமண். மழைக்குச் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் காய்ந்தபின் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். உள்ளே ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டச் சடக்குகளில் செம்மண்ணும் சரளையும். இரண்டும் சக்கரத்தின் உள்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள காலிப்பர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

கஞ்சில், விவா, மைவி, ஆக்சியா எல்லாவற்றிலும் முன்சக்கரத்தில் ஒரு இரும்புத் தட்டு சக்கரத்தோடு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். அதன் இருபுறமும் ஒவ்வொரு பேட். இரண்டையும் கவ்விப் பிடிப்பது காலிப்பர். பிரேக்கை மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் பிஸ்டன் வெளியே வரும். கவனியுங்கள், பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அது முதலில் உள்பக்கத்து பேடைத் தட்டின்மேல் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின்மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்கத்து பேடையும் இழுத்துவந்து அழுத்தும். இரண்டு பேடும் ஒரே அளவில் தேய வேண்டுமென்றால் அந்தப் பின்கள் தடையின்றி வழுக்க வேண்டும்.

பின்களுக்கு ஒரு ரப்பர் உறை இருக்கும். அது வெடித்தாலோ விலகினாலோ சேறும் தண்ணீரும் உள்ளே இறங்கும். கிரீஸ் காய்ந்து, துரு பிடித்து, பின் இறுகிவிடும். அதன்பிறகு காலிப்பர் நகராது. வெளிப்பக்கத்து பேட் பெயருக்குத் தொட்டுக்கொண்டிருக்க, உள்பக்கத்து பேட் தனியாக அந்த வேலை முழுவதையும் செய்து தேயும்.

பெஸ்தாரி ஜெயா பக்கம் நான் மாமா என்று கூப்பிடும் ஒரு பழைய தோட்டப் பட்டறைக்காரர் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். கஞ்சிலின் இடது முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கல்லூரியில் வாகனத்துறை படிக்கும் மகளிடம் காலிப்பரைக் காட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். வெளிப்பக்கத்து பேடில் இன்னும் பாதிக்குமேல் இருந்தது. “நல்லாத்தானே இருக்கு மாமா?” என்றேன். “உள்ள இருக்குறத எடும்மா” என்றார் மகளிடம். அவள் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு முனையில் உராயும் கருப்புப் பொருள் காகிதம்போல் ஒட்டிக்கொண்டிருந்தது, மறுமுனையில் அதுவும் இல்லை. வெறும் இரும்பு, நீலம் பாய்ந்து, டிஸ்க்கில் கீறிய கோடுகளோடு பளபளத்தது. கீழ்ப்பின்னைக் கையால் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. வைஸ் கிரிப் போட்டு முறுக்கித்தான் வெளியே எடுத்தார்கள். பாதி தூரத்துக்குச் செம்மண் நிறத் துரு.

சக்கரத்தின் ஓட்டை வழியே பார்த்துவிட்டு “பேட் இருக்கு” என்று சொல்லும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஓட்டை வழியே தெரிவது வெளிப்பக்கம் மட்டும்தான்.

பேடின் உராயும் பகுதி புதிதில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டர் வந்தால் மாற்றிவிட வேண்டும். பல பேடுகளில் ஒரு சிறிய தகடு வைத்திருப்பார்கள். தேய்மானம் அந்த அளவுக்கு வந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். ரேடியோவைக் கூட்டி வைத்து அந்தச் சத்தத்தை மறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கீச்சொலிக்குப் பிறகு வருவது இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம். அப்போது பேடோடு டிஸ்க்கையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகம் சுட்டால், பின் இறுகியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

எவ்வளவு சூடு இதில் அடங்கியிருக்கிறது என்று ஒரு கணக்கு. ஆட்களோடு 1000 கிலோ எடையுள்ள கார் ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் வருகிறது. முன்னால் லாரி திடீரென்று நிற்கிறது. அந்த ஒரு முறை காரை நிறுத்துவதில் எழும் வெப்பம் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் பெரும்பங்கை முன்சக்கரத்து நான்கு சிறிய பேடுகள் தாங்குகின்றன.

இனி வேலைக்கு வருவோம். உயிருக்கு ஆபத்து பேடை மாற்றுவதில் இருப்பதாக எல்லோரும் பயப்படுகிறார்கள். முதல் ஆபத்து ஜாக்கில் இருக்கிறது. லயத்து வாசல் மண் தரையில், அதுவும் முதல்நாள் மழை பெய்திருந்தால், ஜாக்கின் அடி மெல்ல இறங்கும். தடித்த பலகையை அடியில் போடுங்கள், முடிந்தால் சிமெண்டுத் தரைக்குப் போங்கள். காரைத் தூக்கியபின் ஜாக் ஸ்டாண்டில் இறக்கி வையுங்கள். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் வேண்டவே வேண்டாம், பாரம் தாங்காமல் ஒரே நொடியில் நொறுங்கும். பின்சக்கரத்துக்கு மரக்கட்டை அண்டை கொடுத்து, கை பிரேக்கை இழுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்கிவிட்டுத் தூக்குவது முறை. கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கப்போட்டு வைத்தால், எது தவறினாலும் அது ஆளைக் காப்பாற்றும்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் காலிப்பரின் முதுகு தெரியும். கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே மடித்தால் இரண்டு பேடும் கையில் வரும். ஒரு பக்கம் முழுவதும் முடித்தபிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். எந்த கிளிப் எங்கே இருந்தது என்ற குழப்பம் வந்தால் பிரிக்காத பக்கம் பதில் சொல்லும். காலிப்பரை முழுதாகக் கழற்ற நேர்ந்தால் ரப்பர் ஹோஸில் தொங்க விடக்கூடாது, கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் புது பேட் போடுவது தப்பு, இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்துத்தான்.

பேட் தூசியை வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த காலம் ஒன்று இருந்தது, பெயர் தெரியாத மலிவுச் சரக்கில் என்ன இருக்கிறதென்று இன்றும் உறுதியில்லை. பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடைத்தால் போதும். பின்களைத் துடைத்து, துரு போக்கி, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸைத் தடவி, கிழிந்த உறையை மாற்றுங்கள். நேரமில்லை என்று இதைத் தவிர்த்துவிட்டு பேடை மட்டும் மாற்றுகிற பட்டறைகள் இருக்கின்றன. என் பார்வையில் இந்த ஊருக்கு பேடைவிட முக்கியமான வேலை இதுதான். கிரீஸ் ஒரு சொட்டுகூட உராயும் முகத்தில் படக்கூடாது.

புது பேட் கனமாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை வைத்து ஜி கிளாம்பால் மெதுவாக அழுத்தினால் போகும். அப்போது பானட்டுக்குள் இருக்கும் பிரேக் எண்ணெய்க் குடுவையில் மட்டம் ஏறும். நிரம்பி வழிந்தால் காரின் பெயிண்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கை பிரேக்குக்குப் பட்டன் வைத்த எக்ஸ்50, எக்ஸ்70 போன்ற வண்டிகளின் பின்சக்கரத்தை மட்டும் பட்டறையிடம் விடுங்கள். அங்கே பிஸ்டனை மோட்டார் பிடித்திருக்கும், பலத்தால் தள்ளினால் உடையும்.

எல்லாம் பூட்டியாயிற்று. இப்போதுதான் மனிதர்கள் மறக்கிற அந்த ஒரு வேலை. உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடிலிருந்து விலகி நிற்கிறது. அப்படியே காரை ரிவர்ஸ் எடுத்தால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பின்னால் பிள்ளைகள் விளையாடும் வாசல். எஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் பெடலைப் பலமுறை மிதித்து, கால் அடியில் கெட்டியாக நிற்கும்வரை விடாதீர்கள். எத்தனை முறை மிதித்தும் பஞ்சாக இருந்தால், அல்லது எங்காவது எண்ணெய் கசிந்தால், அந்தக் காரை நகர்த்தாமல் ஃபோர்மனை வீட்டுக்கு அழையுங்கள்.

பேட் புதிதாக இருந்தும் பிரேக் கைவிடும் இன்னொரு வழி உண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கலாம். கடலோர ஈரக்காற்றிலேயே ஓடும் நம் வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது வீண்செலவு இல்லை. சமவெளியில் இந்தக் குறை வெளியே தெரியாது. பள்ளி விடுமுறைக்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கெந்திங்குக்கோ கேமரன் மலைக்கோ போய் இறங்கும்போதுதான் தெரியும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் எண்ணெய் கொதித்து ஆவியாகி, பெடல் காலடியில் காணாமல் போகும். தாழ்ந்த கியரில் இறங்குங்கள். 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் இறக்கத்தில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். ஆறு மாதச் சோதனைக்கு உட்பட்ட வகை வாகனத்துக்கே அந்த கதி என்றால், அந்தச் சோதனை இல்லாத காருக்கு எவ்வளவு கவனம் வேண்டும்.

பேட் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். பெட்டியிலும் பேடின் முதுகிலும் வட்டத்துக்குள் இ எழுத்தும் பக்கத்தில் 90ஆர் என்ற அடையாளமும் இருக்கிறதா பாருங்கள். மாற்று பேட் அசல் பேடுக்கு நெருக்கமாகப் பிடிக்க வேண்டும் என்ற ஐ.நா. விதியின் எண் அது. எந்தப் பேரும் அச்சிடாத அட்டைப்பெட்டிச் சரக்கை வைத்துவிட்டு வேறு கடைக்குப் போங்கள்.

ஆயுத பூசைக்குச் சந்தனம் பூசி எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கும் வழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வர வேண்டும் என்பது என் ஆசை. பையன்கள் மட்டும் நிற்கும் வேலையாக அது இருக்கக்கூடாது, இரவு வேலை முடிந்து தொழிற்பேட்டையிலிருந்து தனியாகக் கார் ஓட்டி வரும் நம் பெண்களுக்கு இது முதலில் தெரிய வேண்டும்.

புது பேட் போட்டபின் முதல் சில நாட்கள் இதமாகப் பிடித்து ஓட்டுங்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகப் பல நூறு கிலோமீட்டர் ஆகும். 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். மாற்றிய தேதி, மீட்டர் எண், உள்பக்கத்து பேடின் கனம், வெளிப்பக்கத்து பேடின் கனம் இவை நான்கையும் ஒரு சீட்டில் எழுதி காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றும்போது மறுபடி அளந்து பாருங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் பின்களில் மண் ஏறியிருக்கலாம்.