நட்சத்திரம் வெடித்தால் பிரபஞ்சத்தை எப்படி அளப்பது? காவிரிப் படுகைக் குடும்பத்து இளைஞர் போட்ட கணக்கு

தஞ்சாவூர் பக்கம் ராத்திரியில் வயல்வெளியைப் பார்த்தால், தூரத்தில் பம்ப்செட் கொட்டகையில் ஒரு பல்பு எரிவது தெரியும். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பல்பு எத்தனை வாட்ஸ் என்று தெரிந்தால் வெளிச்சத்தை வைத்தே சொல்லிவிடலாம். தூரம் இரண்டு மடங்கானால், வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும்.

வானத்தில் அப்படி வாட்ஸ் தெரிந்த பல்பு உண்டா? உண்டு. ‘1ஏ வகை சூப்பர்நோவா’ என்ற நட்சத்திர வெடிப்புதான் அது. அதைப் புரிந்துகொள்ள உதவிய எண் 1.4.

அந்த எண்ணைத் தந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். அவருடைய முன்னோர் விவசாயம் செய்தது பழைய தஞ்சை மாவட்டத்தின் மாங்குடி பகுதியில். 1930-ல், 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அவர் கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரமான ‘வெள்ளைக் குள்ளன்’ எவ்வளவு எடை தாங்கும் என்பதே கேள்வி. சூரியனைப்போல சுமார் 1.4 மடங்கு வரைதான் தாங்கும் என்பது விடை. 1935-ல் எடிங்டன் இதை வெளிப்படையாக எதிர்த்தார். நோபல் பரிசு 1983-ல்தான் வந்தது.

எப்படி வெடிக்கிறது?

வெள்ளைக் குள்ளன் பக்கத்து நட்சத்திரத்திலிருந்து வாயுவை இழுத்துக்கொண்டே இருந்தால், எடை இந்த எல்லையை நெருங்கும். உள்ளே இருக்கும் கார்பனில் அணுச்சேர்க்கை தொடங்கி, மொத்த நட்சத்திரமும் சிதறும். இரண்டு வெள்ளைக் குள்ளன்கள் மோதியும் வெடிக்கலாம். அதனால் பிரகாசம் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்காது. ஆனால் அதிகப் பிரகாசமானவை மெதுவாக மங்கும். எத்தனை நாளில் மங்குகிறது என்று பார்த்து, வித்தியாசத்தைச் சரிசெய்துவிடுகிறார்கள்.

விரிவை எப்படிக் கண்டார்கள்?

பிரபஞ்சம் விரியும்போது ஒளியின் அலைநீளமும் நீண்டு சிவப்புப் பக்கம் நகரும். அது விரிவைச் சொல்லும். வெளிச்சம் தூரத்தைச் சொல்லும். 1998-ல் இரண்டு குழுக்கள் இவற்றை ஒப்பிட்டன. தொலைதூர சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது இன்னும் தள்ளி இருந்தன. விரிவின் வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவருக்கும் 2011-ல் நோபல் கிடைத்தது. சந்திரசேகர் 1995-லேயே காலமாகிவிட்டார்.

கணக்கு இன்னும் முடியவில்லை. 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு நொடிக்குச் சுமார் 73 கி.மீ. விரிவு என்கிறது சூப்பர்நோவா கணக்கு. பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை வைத்துப் போட்டால் 67 வருகிறது. பல்பின் வாட்ஸைத் தப்பாக எடுத்துக்கொண்டார்களா, அல்லது இயற்பியலிலேயே ஏதோ விட்டுப்போயிருக்கிறதா? விஞ்ஞானிகள் இன்று மோதிக்கொண்டிருப்பது இந்த 6 கி.மீ. வித்தியாசத்தில்தான்.