வந்தவர் ஏன் நிற்காமல் போகிறார்?

மயிலிட்டித் துறையில் மீன் வாங்க வருபவர் செவுளைப் பார்ப்பார், விலையைக் கேட்பார், பிடிக்காவிட்டால் நகர்ந்துவிடுவார். ஏன் போனார் என்பது அவர் முகத்திலேயே விற்பவருக்குத் தெரிந்துவிடும். இணையத்தளம் வைத்திருக்கும் வியாபாரிக்கு அந்த முகம் தெரிவதில்லை. ஓர் எண் மட்டுமே தெரிகிறது. அதைத்தான் 'பவுன்ஸ் ரேட்' என்கிறார்கள். நூறு வருகைகளில் எத்தனை உடனே திரும்பிப்போயின என்ற கணக்கு அது.

1990 ஜூனில் யுத்தத்தால் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்குத் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மீண்டும் கிடைத்தது. அதே 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது வியாபாரிகளுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். கடையை மீண்டும் திறக்கலாம். கலைந்துபோன வாடிக்கையாளர் தானாகத் திரும்பி வரமாட்டார். அவர்களில் பலர் இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். ஊர்க் கருவாட்டையும் கையடக்கத் தொலைபேசியில்தான் தேடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். விளம்பரத்தின் மூலம் ஒருவரைத் தளத்துக்குக் கொண்டுவர 20 ரூபா செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 பேருக்கு 20,000 ரூபா. 700 பேர் உடனே திரும்பினால் 14,000 ரூபா வீண். நின்ற 300 பேரில் ஒருவருக்கான உண்மைச் செலவு ஏறக்குறைய 67 ரூபா.

2005 இல் வந்த கூகுள் அனலிடிக்ஸ், ஒரே பக்கத்துடன் போனவர்களை இந்தக் கணக்கில் சேர்த்தது. அந்தப் பழைய முறை 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. இப்போது 10 வினாடிக்கு மேல் தங்காமலும், இரண்டாவது பக்கத்தைத் திறக்காமலும், நாம் முக்கியமெனக் குறித்துவைத்த செயல் எதையும் செய்யாமலும் போனால்தான் கணக்கில் சேரும்.

எண் கூடினால் உடனே பதறவும் வேண்டாம். உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பார்த்து எட்டே வினாடியில் வேறு தொலைபேசியிலிருந்து அழைத்தவரும் 'திரும்பிப்போனவர்' என்றே பதிவாவார். எனவே அழைப்புகளையும் சேர்த்தே பாருங்கள்.

அப்படியானால் மற்றவர்கள் ஏன் போகிறார்கள்? நான் பார்த்தவரை காரணங்கள் நான்கு.

முதலாவது, தாமதம். பக்கம் திறக்க 3 வினாடிக்கு மேலானால் கையடக்கத் தொலைபேசி வருகைகளில் 53 வீதம் கைவிடப்படுகின்றன என்று 2016 இல் கூகுள் சொன்னது. கமராவில் எடுத்த பெரிய படங்களைச் சுருக்காமல் ஏற்றுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

இரண்டாவது, சொன்னது ஒன்று, காட்டுவது வேறொன்று. விளம்பரத்தில் கருவாடு, திறந்தால் முதலாளியின் படமும் நிறுவன வரலாறும். விளம்பரம் நேரே கருவாட்டுப் பக்கத்துக்கே கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது, எழுத்து. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவை, அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றுங்கள்.

நான்காவது, விலையை ஒளிப்பது. விலை, அனுப்பும் செலவு, தொலைபேசி இலக்கம் மூன்றும் முதல் திரையிலேயே இருக்கட்டும்.

இந்த வாரமே உங்கள் தளத்தை ஒரு சாதாரண தொலைபேசியில், வைஃபை இல்லாமல் திறந்து பாருங்கள். விலையைக் கண்டுபிடிக்க உங்களுக்கே எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். புதிய விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதை அதன் பிறகு யோசிக்கலாம்.