மலையுச்சியில் ஒதுங்கிய செம்பறவை

நுளம்பு மனிதனுக்கு மாத்திரமே பகையென்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அது ஓர் அழகிய பறவையினத்தை மலையுச்சியில் ஒதுங்கச் செய்த வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளில் இயீவி என்னும் பறவை வாழ்கின்றது. நீளம் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர், உடல் குங்குமச் சிவப்பு, சிறகுகள் கருமை. பிறைபோல் வளைந்த அதன் அலகு, குழல் வடிவான மலர்களின் அடியிலுள்ள தேனையும் எட்டவல்லது. நம் நாட்டுத் தேன்சிட்டை ஒத்திருப்பினும் இது அதன் இனமன்று. விதையுண்ணும் சிறுகுருவி ஒன்றின் வழிவந்தது. மலர்தோறும் உண்ட தேனுக்குக் கைம்மாறாக மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றது.

முற்காலத்தில் கடற்கரை முதல் மலைவரை இப்பறவை வாழ்ந்தது. அதன் செவ்விறகுகளால் இயற்றிய போர்வைகளைத் தீவின் அரசர் அணிந்தனர். 1779இல் கலனியோபு என்னும் அரசன் கப்டன் குக்குக்கு அளித்த போர்வையும் அத்தகையதே.

ஹவாயில் ஆதியில் நுளம்பே இருந்ததில்லை. 1826ஆம் ஆண்டளவில் கப்பலொன்றின் தண்ணீர்ப் பீப்பாய்களில் அது வந்திறங்கியதென்பர். நம் நாட்டில் யானைக்கால் நோயைப் பரப்பிய அதே இன நுளம்புதான் அது. பின்னர்ப் பறவை மலேரியாக் கிருமியும் வந்து சேர்ந்தது. நோய்க்கிருமி கொண்ட நுளம்பின் ஒரு கடியாலேயே இயீவிகள் பத்தில் ஒன்பது இறந்துபடும். தாழ்நிலத்துப் பறவைகள் மாண்டொழிந்தன.

மலையில் வாழ்ந்தவை மாத்திரம் பிழைத்தன. வெப்பம் 13 பாகை செல்சியஸுக்குக் குறைந்தால் அக்கிருமி நுளம்பின் உடலில் வளராது. ஆகவே, ஏறத்தாழ 1,500 மீற்றருக்கு மேலுள்ள காடுகளில் குளிரே காவலாயிற்று. இன்றோ உலகம் வெப்பமடைய, நுளம்பும் மேலேறி வருகின்றது. கவாய்த் தீவின் மலைகள் 1,600 மீற்றரையும் எட்டா. அங்குள்ள பறவை இனி எங்கே ஏறும்?

அமெரிக்க அரசு 2017இல் இயீவியை அச்சுறுத்தலுக்குள்ளான இனமெனப் பட்டியலிட்டது. 2023 முதல் மௌயித் தீவின் காடுகளில் ஒருவகைப் பக்ரீரியாவைக் கொண்ட ஆண் நுளம்புகளை ஹெலிகொப்டர் மூலம் விடுகின்றனர். ஆண் நுளம்பு கடிப்பதில்லை. இவற்றோடு கூடிய பெண் நுளம்புகளின் முட்டைகள் பொரிப்பதுமில்லை. மனிதன் அறியாது ஏற்றி வந்த கேட்டை, இன்று அறிந்து இறக்க முயல்கின்றான்.

மழைக்காலத்தில் முற்றத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்துவைக்கும் நம் பிள்ளைகளுக்கு இக்கதையையும் சொல்லிவைப்போம்.