பிறேக் லைற் எரிந்தால்: பெக்கோவில் மின் கோளாறைக் கண்டறியும் முறை

1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள், 2009க்குப் பின்னர் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட தமது காணிகளுக்குத் திரும்பியபோது, மண்வெட்டியோடு வேலையைத் தொடங்க முடியவில்லை. தோட்டமாயிருந்த இடம் பற்றைக்காடாகவும் வீடிருந்த இடம் கல்மேடாகவும் கிடந்தன. பெக்கோ வந்து துப்புரவாக்கிய பின்னரே கலப்பை இறங்கியது. இன்னமும் காணி விடுபடுமென்று காத்திருக்கும் குடும்பங்களுக்கும் முதல் வேலை இதுவாகவே இருக்கும். மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத காணியில் எந்த இயந்திரத்தையும் இறக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

பெக்கோ மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு வருவது. அது உங்கள் காணியில் பிறேக் லைற் எரிந்தபடி நின்றுவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, ஆள் வரும்வரை நாட்கணக்கில் வேலை கிடக்கிறது. மற்றது, சாரதி லைற்றைப் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடர்கிறார். இரண்டாவதே ஆபத்தானது. ஏழெட்டுத் தொன் நிறையுள்ள இயந்திரம் அது. பற்றைக்குள் கட்டில்லாத பழைய கிணறு இருக்கும். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் நிற்பார்கள். எமது பிள்ளைகளில் சிலர் இன்று இவ்வியந்திரங்களின் சாரதிகளாகவும் கராஜ் உதவியாளர்களாகவும் வேலை செய்வதால், கோளாறைத் தேடும் ஒழுங்கை விளக்குவது பயனுள்ளதென நினைக்கிறோம்.

முதலில் எது மின்சாரம், எது ஒயில் என்று பிரித்தறிய வேண்டும். சாதாரண பெக்கோவின் கால் பிறேக்கில் கணினி எதுவும் இல்லை. மிதியை அழுத்த, ஒயில் அழுத்தம் பின் அச்சுக்குள் இருக்கும் தட்டுகளை இறுக்குகிறது. மிதி பஞ்சுபோல் இறங்கினால் குழாயில் காற்று அல்லது ஒயில் குறைவு என்பதே முதற் சந்தேகம். அதற்கு மீற்றர் தேவையில்லை. பல பெக்கோக்களின் பிறேக்குக்குக் கனிய ஒயில்தான் ஊற்ற வேண்டும். காருக்குரிய பிறேக் ஒயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர் சீல்கள் கெட்டுவிடும். வீதியில் ஓடும்போது பிறேக் ஒரு பக்கம் இழுத்தால், இரண்டு மிதிகளையும் இணைக்கும் கொளுக்கி பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வயலில் திரும்புவதற்காகக் கழற்றியதை வீதியில் ஏறும்போது பூட்ட மறந்திருப்பார்கள்.

புதிய பெரிய இயந்திரங்களில், குறிப்பாக வீதி வேலைக்கு வரும் பெரிய லோடர்களிலும் கிரேடர்களிலும், தரிப்பு பிறேக் வேறு விதமானது. அதை இறுக்குவது வலுவான ஒரு ஸ்பிறிங். விடுவிப்பது ஒயில் அழுத்தம். அந்த ஒயிலுக்கு வழி திறப்பது மின்சாரத்தால் இயங்கும் ஒரு வால்வு. ஆகவே மின்சாரம் போனால் பிறேக் விடுபடாது, இறுகும். பாதுகாப்புக்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள். இயந்திரம் அசைய மறுப்பதைக் கண்டு கியர்ப்பெட்டி போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. உண்மையில் ஒரு சிறிய பியூஸ் எரிந்திருக்கலாம்.

சோதிக்கும் முன் இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, வாளிகளை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, ரயர்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வையுங்கள். பெரிய இயந்திரங்களில் எஞ்சின் நின்ற பின்னரும் பிறேக் ஒயில் அழுத்தம் சேமிப்புக் கலத்தில் இருக்கும். குழாயைக் கழற்றுவதானால், அழுத்தம் தீரும்வரை மிதியைப் பல தடவை அழுத்திய பின்னரே கை வைக்க வேண்டும்.

அடுத்தது பற்றறி. 12 வோல்ற் பற்றறி ஓய்வில் 12.6 அளவில் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14. ஸ்ராட் பண்ணும்போது 9.6க்குக் கீழே விழுந்தால், கணினி மயங்கி இல்லாத கோளாறுகளையெல்லாம் எழுதிவைக்கும். பின்னர் ஏர்த். மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் மறை முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் வயரின் பூட்டைக் கழற்றிச் சுரண்டித் துப்புரவாக்கிப் பூட்ட வேண்டும். குடாநாட்டில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். காங்கேசன்துறை, மயிலிட்டிப் பக்கம் வேலை செய்யும் இயந்திரத்தில் உப்புக் காற்றால் செப்பு வயர் உள்ளுக்குள் பச்சை பிடிக்கிறது. செம்மண் தூசியைக் கழுவவென்று அழுத்தமாகத் தண்ணீர் அடிக்க, அது வயர்ப் பொருத்துகளுக்குள் போய்த் தங்குகிறது. பனைகளுக்குக் கீழே மாதக்கணக்கில் நின்ற இயந்திரமென்றால் எலியும் அணிலும் கடித்த வயர்களைத் தேடிப் பாருங்கள்.

இவை சரியென்றால்தான் திரையில் தெரியும் இலக்கங்களுக்கு வரலாம். ஜே 1939 என்ற பொது முறையைப் பின்பற்றும் இயந்திரங்களில் இரண்டு இலக்கங்கள் வரும். முதலாவது எந்தப் பகுதி என்பதையும், இரண்டாவது பிழையின் வகையையும் சொல்லும். இரண்டாவது இலக்கம் 3 என்றால் வோல்ற் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் சுற்று அறுந்திருக்கிறது, 6 என்றால் மின்னோட்டம் அதிகம் அல்லது வயர் இரும்பில் முட்டுகிறது. சென்சர் பழுது என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கணினி அறிவது தன்னிடம் வந்துசேரும் மின் அளவை மட்டுமே. சென்சர் கெட்டாலும் வயர் அறுந்தாலும் அதற்கு ஒன்றுதான். இதை உணராமல் விலை கூடிய சென்சரை மாற்றியும் லைற் அணையாமல் நிற்பவர்கள் பலர்.

ஓர் உதாரணம். பிறேக் அழுத்தச் சென்சருக்கு 4 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான சென்சர்களுக்கு மூன்று வயர்கள்: 5 வோல்ற் கொண்டுவருவது, ஏர்த், செய்தி கொண்டுபோவது. பொருத்தைக் கழற்றி, சாவியைத் திறந்து, முதல் வயரில் 5 வோல்ற் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் சென்சரில் குற்றமில்லை. கணினிப் பக்கம் போகும் வயரைத் தேடுங்கள். 5 வருகிறது, ஏர்த்தும் நன்று என்றால், பொருத்தைப் பூட்டிச் செய்தி வயரை அளவுங்கள். வழமையாக அது 0.5க்கும் 4.5க்கும் இடையில் நிற்கும். பூச்சியத்தில் நின்றால் அந்த வயர் எங்காவது அறுந்திருக்கிறதா, இரும்பில் உரசுகிறதா என்று கடைசிவரை தொட்டுப் பார்த்த பின்னரே சென்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

தரிப்பு பிறேக் வால்வுக்கு ஒரு நாட்டு வழியும் உண்டு. சுவிச்சை விடுவிக்கும் பக்கம் போட்டு, அதன் சுருளின் தலையருகே திருப்புளி நுனியைக் கொண்டுபோனால் காந்தம் இழுக்க வேண்டும். இழுத்தும் பிறேக் விடாவிட்டால் வால்வோ ஒயிலோ காரணம். இழுக்காவிட்டால் பொருத்தில் வோல்ற் வருகிறதா என்று அளவுங்கள். வந்தும் இழுக்கவில்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது.

எமது நிலத்துக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். அடியில் சுண்ணாம்புக்கல் என்பதால் வாளிப் பற்கள் விரைவில் தேய்ந்து, அடிக்கடி வெல்டிங் செய்ய வேண்டியிருக்கிறது. பற்றறி வயரைக் கழற்றாமல் வெல்டிங் செய்தால் அந்த மின்சாரம் கணினிக்குள் புகுந்து அதைக் கெடுக்கக்கூடும். வெல்டிங்கின் ஏர்த் கவ்வியையும் ஒட்டும் இடத்துக்கு அருகிலேயே பூட்டச் சொல்லுங்கள்.

சுவிச் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி லைற்றை அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அழுத்தம் உண்மையாகவே விழும் நாளில் சொல்வதற்கு அந்த லைற் இருக்காது. திருத்திய பின்னர் ஆட்களை விலக்கி, கிணற்றுக்கும் வேலிக்கும் தூரமான சமதரையில், நடை வேகத்தில் ஓட்டிக் கால் பிறேக்கைப் பாருங்கள். அடுத்துத் தரிப்பு பிறேக்கைப் போட்டு, கட்டைகளை எடுத்து, இயந்திரம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு சாவியை அணைத்துத் திறந்து, அதே இலக்கம் திரும்பவும் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்த பின்னர் வேலையைத் தொடங்கலாம்.