14 கிலோ எரிந்தால் 65 கிலோ

ஈரம் போகத் துடைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கேஸ் அடுப்பில் வையுங்கள். தீ பட்ட சில நொடிகளில் பாத்திரத்தின் வெளிப்புறம் வியர்க்கும். சூடேறியதும் அந்த ஈரம் மறைந்துவிடும். பாத்திரம் ஒழுகுகிறதோ என்று அடியைத் தடவிப் பார்ப்பவர்கள் உண்டு. ஒழுகவில்லை. அந்தத் தண்ணீர் தீயில் பிறந்தது.

எவ்வளவு பிறக்கும்? கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு, புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இப்போதைக்கு எல்லாமே பியூட்டேன் என்று வைத்துக்கொள்வோம். விடை பெரிதாக மாறாது.

ஒரு பியூட்டேன் மூலக்கூறில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன் அணுக்கள். எரியும்போது ஒவ்வொரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனைப் பிடித்துக் கரியமில வாயுவாகிறது. ஹைட்ரஜன் இரண்டிரண்டாக ஓர் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. ஆக 8+5, மொத்தம் 13 ஆக்சிஜன் அணுக்கள் வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜனோ ஜோடியாகத்தான் வரும். 13 ஜோடி சேராது. அதனால் பியூட்டேனை இரண்டாக எடுத்துக்கொள்கிறோம்:

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கரியமில வாயு + 10 நீர்

மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். இவை கிலோ அல்ல, மூலக்கூறுகளின் தலைக்கணக்கு. எடையாக மாற்ற அணு நிறை வேண்டும்: கார்பன் 12, ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் 16. அதன்படி பியூட்டேன் 58, ஆக்சிஜன் மூலக்கூறு 32, கரியமில வாயு 44, நீர் 18. பெருக்கினால் இடப்பக்கம் 116+416, வலப்பக்கம் 352+180. இரண்டுமே 532. இந்தக் கூட்டலை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பேன். சமன்படுத்தியதில் பிழை இருந்தால் இங்கேயே பிடிபட்டுவிடும். எரிந்தாலும் எடை தொலைவதில்லை என்று 18ஆம் நூற்றாண்டில் தராசு வைத்து நிறுத்துக் காட்டிய லவாய்சியேயின் உழைப்பும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

மிச்சம் வெறும் விகிதம். 14.2ஐ 116ஆல் வகுத்து 352ஆல் பெருக்கினால் கரியமில வாயு 43 கிலோ. 180ஆல் பெருக்கினால் நீர் 22 கிலோ. 20 லிட்டர் கேன் ஒன்று நிரம்பி வழியும். 14 கிலோ சிலிண்டரிலிருந்து 65 கிலோ!

கூடுதலாக வந்த 51 கிலோவும் சமையலறைக் காற்றிலிருந்த ஆக்சிஜன். காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 சதவீதம்தான் என்பதால், ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் 220 கிலோ காற்றாவது அடுப்பைத் தேடி வந்தாக வேண்டும். வராவிட்டால் 13 என்ற எண் குறைந்துபோகும். கார்பனில் ஒரு பகுதி நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடாகும், இன்னொரு பகுதி பாத்திரத்தின் அடியில் கரியாகப் படியும். பர்னர் ஓட்டைகள் அடைத்து, நீலச் சுடர் மஞ்சளாகும் நாளில் நடப்பது அதுதான்.